இரண்டு பேருக்கு அரை பென்ஷன்

இருபத்திரண்டு வருஷமாக நான் பனிச்சறுக்குப் பூட்ஸுக்கு உள்ளே வைக்கிற மெத்தை தைக்கிறேன். முன்பு வெளியே தோல் இருந்தது, இப்போது பிளாஸ்டிக். வெளியே எது மாறினாலும் உள்ளே காலைக் கடிக்காமல் இருக்க மெத்தென்று ஒரு உறை வேண்டும். அந்த உறைதான் என் வேலை. ஒரு நாளைக்கு எத்தனை ஜோடி என்று எண்ணுவதை எப்போதோ விட்டுவிட்டேன். எந்தெந்த மலையிலோ யார் யார் காலோ அதற்குள் இருக்கிறது. என் கால் ஒருநாளும் இருந்ததில்லை.

என் பெயர் நிவேஸ். பனி என்று அர்த்தம். ஆகஸ்ட் ஐந்தாம் தேதி, பனிமய மாதா திருநாளில் பிறந்ததால் வைத்தது. வெயில் மண்டையைப் பிளக்கிற நாளில் பிறந்தவளுக்கு இந்தப் பெயர். பக்கத்து மிஷினில் தைக்கிற டொரினாவுக்கு இது ஒரு தீராத வேடிக்கை. ஒவ்வொரு டிசம்பரிலும் மிஷின் சத்தத்துக்கு மேலே கத்துவாள்.

"என்னடி பனி, இந்த வருஷமாவது உன் சொந்தக்காரங்களப் பாக்கப் போறியா?"

பிப்ரவரியில் ஏழு நாள் மலைக்குப் போய் இருந்துவிட்டு வருவதற்கு எங்கள் பக்கம் வெள்ளை வாரம் என்று பேர். முதலில் டாக்டர், வக்கீல் வீட்டுக்காரர்கள் போனார்கள். பிறகு எங்கள் ஃபாக்டரி ஆபீஸ்காரர்கள் போனார்கள். போன வருஷம் பெட்டி கட்டுகிற பிரிவிலிருந்தே இரண்டு குடும்பம் போய்விட்டு பனிவெயிலில் முகம் கறுத்து, கண்ணாடி மறைத்த இடம் மட்டும் வெள்ளையாகத் திரும்பி வந்தது. நாங்கள் தைக்கிறவர்கள் மட்டும் மிச்சம். சாயங்காலம் தலையில் படிந்த நுரைப்பஞ்சுத் தூசியைத் தட்டும்போது, நமக்கு வருஷம் பூரா வெள்ளை வாரம்தான் என்று சொல்லிக்கொள்வோம்.

எனக்குச் சறுக்குகிற ஆசையெல்லாம் இல்லை. இந்த முழங்காலை வைத்துக்கொண்டு எங்கே சறுக்குவது. யாரோ சமைத்ததை உட்கார்ந்து சாப்பிட வேண்டும். ஜன்னலுக்கு வெளியே பனி இருக்க வேண்டும். ஏழு நாளைக்கு யாரும் என்னை மணி அடித்து எழுப்பக் கூடாது. அவ்வளவுதான்.

என் கணவன் ஒத்தோரினோ செங்கல் சூளைக்காரன். முப்பத்தாறு வருஷம். நான் வெள்ளையாக வீடு திரும்பினால் அவன் சிவப்பாகத் திரும்புவான். ஆகஸ்டில் அவன் முதுகு ஒரேயடியாக நின்றுவிட்டது. நின்றுவிட்டது என்றால், குனிந்தவன் நிமிரவில்லை, அப்படியே வண்டியில் தூக்கி வந்தார்கள். டாக்டர் லீவு எழுதிக் கொடுத்தார், அதோடு பென்ஷனுக்கும் ஒரு கட்டுக் காகிதம் எழுதி அனுப்பினார். உடம்பு முடியாதவர்களுக்கு முன்கூட்டியே கிடைக்கிற பென்ஷன். நாலு மாதமாகப் பதில் இல்லை.

நவம்பர் கடைசியில் ஒரு ஞாயிறு, சோளக் களியைப் பலகையில் கொட்டி நூலால் அறுத்துக்கொண்டிருந்தபோது நான் மலையைப் பற்றிப் பேச்சை எடுத்தேன். அவன் பீன்ஸைக் கிளறிக்கொண்டே கேட்டான். பிறகு சொன்னான்:

"முழு பென்ஷன் வரட்டும். மறுநாளே சூளைக்கு ஒரு கும்பிடு போட்டுட்டு உன்கூட மலைக்கு வரேன். குறைச்சுக் குடுத்தானுங்கன்னா இன்னும் ரெண்டு வருஷம் செங்கல் தூக்கணும். அப்ப பனின்னு வாயத் தொறக்கக் கூடாது. உன் பேரக் கூட மாத்திக் கூப்பிடுவேன்."

"முழுசா வந்தா வருவியா?"

"வருவேன்."

"சத்தியமா?"

மேஜைக்கு மேலே கையை நீட்டினான். மாடு விற்கிறவர்கள் மாதிரி கை குலுக்கிக்கொண்டோம்.

பிப்ரவரியில் இடம் கிடைக்காது, இப்போதே எழுதிப் போடு என்று டொரினா பயமுறுத்தினாள். அவளுடைய நாத்தனார் போய் வந்த ஹோட்டலின் அச்சடித்த தாள் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள். பெல்லூனோ நகரத்துக்கு மேலே, மலையில், கோல் மேதோல் என்ற ஊர். ஹோட்டல் பேர் ஜென்சியானா. வேண்டாமென்றால் பிறகு ரத்து செய்துகொள்ளலாமாம்.

நான் எழுத்துக் கற்றுக்கொண்டது நாற்பத்தெட்டு வயதில். சின்னப் பெண்ணாக இருந்தபோது பட்டுப்புழுவுக்கு இலை பறிக்க ஆள் வேண்டுமென்று அப்பா என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டார். பிறகு சங்கம் போராடி, வேலை செய்கிறவர்கள் படிக்கச் சம்பளத்தோடு நூற்றைம்பது மணி நேரம் வாங்கிக் கொடுத்தது. இரண்டு குளிர்காலம் போனேன். கையெழுத்துப் போடவும், எழுத்துக் கூட்டிப் படிக்கவும், பெரிய எழுத்தில் தப்பில்லாமல் எழுதவும் வந்தது. ஆனால் ஒரு கடிதம் எழுதியதில்லை. யாருக்கு எழுதுவது? என் மனிதர்கள் எல்லோரும் கூப்பிடு தூரத்தில் இருக்கிறார்கள்.

ரொட்டி இடைவேளையில் அந்தத் தாளைக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தேன். அறை. வெந்நீர். முழு பென்ஷன். அங்கே விரல் நின்றுவிட்டது.

"டொரினா, இந்த ஹோட்டல் பென்ஷன்காரங்களுக்கு மட்டுமா?"

"என்னது?"

"முழு பென்ஷன்னு போட்டிருக்கே. என் வீட்டுக்காரருக்கு இன்னும் வரலயே."

டொரினா குடித்துக்கொண்டிருந்த காப்பி மூக்கு வழியாக வந்தது. தையல் வரிசை முழுக்கச் சிரித்தது. அந்த முனையில் இருந்தவளுக்குக் கேட்கவில்லை என்று இன்னொருத்தி எழுந்து போய்ச் சொல்லிவிட்டு வந்தாள்.

"அடி பனி, ஹோட்டல்ல பென்ஷன்னா சாப்பாடுடி! மூணு வேளையும் போட்டா முழு பென்ஷன். காலைலயும் ராத்திரியும் மட்டும் போட்டா அரை பென்ஷன். நீ ரெண்டு குளிர்காலம் எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போன, கோழிங்க போற பள்ளிக்கூடத்துக்கா?"

எனக்கு என்ன தெரியும். ஹோட்டலில் தங்கியவர்களுக்குத்தான் ஹோட்டல் பாஷை தெரியும். எங்களுக்குத் தெரிந்த பென்ஷன் ஒன்றுதான், அதற்காகத்தான் நாலு மாதமாகத் தபால்காரனின் சைக்கிள் மணிக்குக் காது கொடுத்துக் கிடக்கிறோம்.

இதை அன்றே வீட்டில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. எழுதப் படிக்கத் தெரிந்தவள் என்று வீட்டில் கொஞ்சம் தலையை நிமிர்த்தி நடந்துகொண்டிருந்தேன். ஒத்தோரினோ மூன்றாம் வகுப்பு வரை போனவன். இனி காகிதமெல்லாம் நீ பார் என்று அவனே சொல்லியிருந்தான். அதைக் கெடுத்துக்கொள்ள மனசு வரவில்லை.

கடிதத்தை மூன்று முறை எழுதிக் கிழித்தேன். நாலாவது நின்றது. மதிப்பிற்குரிய ஐயா, பிப்ரவரி இரண்டு முதல் ஒன்பது வரை, இரண்டு பேர், முழு பென்ஷன், என் கணவருக்கு முதுகு சரியில்லை, மாடி ஏற முடியாது, கீழ்த்தளத்தில் அறை வேண்டும். இவ்வளவுதான். உறையை நாக்கால் ஒட்டினேன். ஒத்தோரினோ அடுப்புக்குப் பக்கத்தில் கட்டிலில் மல்லாந்து கிடந்தபடி, "எழுது, எழுது, ஒரு தபால்தலைதான போகுது" என்றான்.

அடுத்த செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நான் வீடு திரும்பியபோது அவன் கட்டிலில் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து சூளை பூட்ஸுக்கு மெழுகு தேய்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன இது?"

"நாளைக்கு வேலைக்குப் போறேன்."

"டாக்டர் மாசக் கடைசி வரைக்கும் எழுதிக் குடுத்திருக்காரு."

"டாக்டரா வந்து செங்கல் தூக்கப் போறாரு?"

"நேத்து வரைக்கும் எந்திரிச்சு உக்கார முடியல. இன்னைக்கு என்ன வந்துச்சு?"

"படுத்துப் படுத்து அலுத்துப் போச்சு."

முப்பது வருஷம் பார்த்த முகம். அலுத்துப்போன முகம் எது, மறைக்கிற முகம் எது என்று எனக்குத் தெரியும். ஆனால் நான் அன்று ஒன்பது மணி நேரம் மிஷினில் இருந்தேன். கேட்டால் சண்டை வரும், சண்டைக்குத் தெம்பு வேண்டும். சூப்பைச் சூடாக்கினேன்.

புதன், வியாழன், வெள்ளி. தினமும் அவன் முதல் ஆளாகப் போய் கடைசி ஆளாக வந்தான். வந்ததும் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து காலை நீட்டுவான். குனிய முடியாது. நான் கீழே உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்ப்பேன். கயிற்றின் முடிச்சுக்குள் செம்மண் ஏறி இறுகிக் கிடக்கும், நகத்தால் கிள்ளித்தான் எடுக்க வேண்டும். பகல் முழுக்கப் பூட்ஸ், வீட்டுக்கு வந்தாலும் பூட்ஸ் என்று நினைத்துக்கொள்வேன்.

எனக்கு வேறு ஒரு கவலையும் இருந்தது. ஹோட்டலிலிருந்து பதில் வரவில்லை. கடிதத்தில் ஏதோ தப்பு என்று முடிவு கட்டிவிட்டேன். மிஷினில் தைத்துக்கொண்டே ஒவ்வொரு வார்த்தையாக மனசுக்குள் எழுதிப் பார்த்தேன். முதுகு என்பதைச் சரியாக எழுதினேனா? ஐயா என்று போட்டேனே, ஹோட்டலை நடத்துவது ஒரு அம்மாவாக இருந்தால்?

"பதில் வந்துச்சா?" என்று டொரினா கேட்டாள்.

"இல்ல."

"உன் கையெழுத்தப் பாத்துட்டு கோழி கிளறினதுன்னு அடுப்புல போட்டிருப்பாங்க."

வழக்கமான கேலிதான். அன்று என்னால் சிரிக்க முடியவில்லை. அவளும் பார்த்துவிட்டு, மிஷினை நிறுத்தி, தன் ரொட்டியில் பாதியைப் பிய்த்து என் பக்கம் வைத்தாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே சொன்னேன், "ஹோட்டல்காரங்க பதிலே போடல."

"விடு அத."

"ஏன் விடணும்?"

"விடுன்னா விடு, நிவேஸ். பனி எங்க ஓடிடப் போகுது. அடுத்த வருஷமும் விழும்."

சனிக்கிழமை எனக்கு வேலை இல்லை, அவனுக்கு அரை நாள். துணியைத் தொட்டியில் ஊறப்போட ஒவ்வொரு சட்டைப் பையாகத் தடவிக் காலி செய்தேன். சூளைச் சட்டையின் உள்பையில் ஒரு ஆணி, பாதி சுருட்டு, நாலாக மடித்த தந்தி. மடிப்பில் செம்மண். தேதி செவ்வாய்க்கிழமை.

தந்தி பெரிய எழுத்தில் இருக்கும், எனக்கு அது சுலபம். உதட்டை அசைத்துப் படித்தேன்.

முழு பென்ஷன் இயலாது. இரண்டு பேருக்கு அரை பென்ஷன் மட்டும். பிப்ரவரி இரண்டு முதல். உடன் உறுதி செய்க. சொக்கோல்.

உண்மையைச் சொன்னால், முதல் நொடி நானும் ஏமாந்தேன். பாவிகள், பாதியாக அறுத்துவிட்டார்களே என்றுதான் நினைத்தேன். பிறகு பிப்ரவரி இரண்டு என்பதை விரல் தொட்டது. அது நான் எழுதிய தேதி. நாலாவது தாளில், என் கையால்.

தொட்டி விளிம்பில் உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பு வந்தது, அது பாதியிலேயே வேறு ஏதோ ஆகிவிட்டது. நாலு நாள். அந்த முதுகோடு நாலு நாள் செங்கல் தூக்கியிருக்கிறான், ஒரு ஹோட்டல்காரன் மத்தியானச் சாப்பாடு போட முடியாது என்று சொன்னதற்காக. நான் வாயைத் திறந்து அந்த வார்த்தையை வீட்டில் சொல்லியிருந்தால் அவன் கட்டிலிலிருந்து எழுந்தே இருக்கமாட்டான்.

சட்டைகளைத் தொட்டிக்குள் தள்ளிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு சைக்கிளை எடுத்தேன்.

சூளையில் பத்து மணி இடைவேளை. ஆட்கள் சூடான சுவரில் சாய்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தார்கள். ஒத்தோரினோ மட்டும் ஒரு பலகையில் நீட்டிப் படுத்திருந்தான், இடுப்புக்கு அடியில் சாக்கில் சுற்றிய வெதுவெதுப்பான செங்கல். என்னைப் பார்த்ததும் எழ முயன்றான்.

"யாரு செத்தது?"

"யாரும் சாகல. படு." தந்தியை நீட்டினேன். "இது என்ன?"

அவன் முகம் சுருங்கியது. மற்றவர்கள் காதில் விழக் கூடாது என்று குரலை இறக்கினான். "கிறிஸ்துமஸ் முடியட்டும், அப்புறம் சொல்லலாம்னு இருந்தேன். பாதிதான் குடுக்கிறானுங்க. நம்ம ரெண்டு பேருக்கும் சேர்த்தே பாதி. என்ன பண்ணச் சொல்ற?"

"இது யாரு அனுப்பினது?"

"யாரு, பென்ஷன் ஆபீசு."

"மேல பெல்லூனோன்னு போட்டிருக்கே, அங்க இருந்தா?"

"நானும் அதத்தான் யோசிச்சேன். ஆனா அரசாங்கம் இல்லையா, ஒருத்தன் காகிதம் ஒரு ஊர்ல கிடக்கும், முத்திரை இன்னொரு ஊர்ல கிடக்கும். சொக்கோல்னு ஒரு அதிகாரி கையெழுத்தும் போட்டிருக்கான்."

"சொக்கோல் ஹோட்டல்காரன், ஒத்தோரினோ."

"ஹோட்டல்காரன் எனக்கு எதுக்குப் பென்ஷன் குடுக்கிறான்?"

இதை அவன் கொஞ்சம் சத்தமாகக் கேட்டுவிட்டான். சுவர் ஓரத்தில் மெல்லுவது நின்றது. நான் சொல்ல வேண்டியதாயிற்று. பென்ஷன் என்றால் சாப்பாடு, முழுசு என்றால் மூன்று வேளை, அரை என்றால் மத்தியானம் பட்டினி. சொல்லி முடிப்பதற்குள் பெப்பி என்கிற சூளைக்காரன் ரொட்டி தொண்டையில் சிக்கி இருமத் தொடங்கினான்.

"ஏய் ஒத்தோரினோ, ஒரு வேளைக் களிக்காகத்தான் நீ நாலு நாளா மூஞ்சியத் தூக்கி வச்சிருந்தியா?"

"என் பொண்டாட்டி முப்பது வருஷமா எனக்கு முழு பென்ஷன் போட்டுக்கிட்டு இருக்காப்பா, எனக்கே தெரியாம!" என்றான் இன்னொருவன்.

மேஸ்திரி குவெரினோ கொட்டகையிலிருந்து எட்டிப் பார்த்தார். "இங்க என்ன கல்யாணமா?"

ஒத்தோரினோ சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். "உனக்கு இது முன்னாடியே தெரியுமா?"

"கடிதாசி எழுதறதுக்கு முன்னாடி தெரியும்."

"அப்ப ஏன் சொல்லல?"

"நானும் உன்ன மாதிரிதான் கேட்டு மானம் போச்சு. இது பென்ஷன்காரங்களுக்கு மட்டும் நடக்கிற ஹோட்டலான்னு கேட்டேன். வரிசையே சிரிச்சுது. வெக்கமா இருந்துச்சு, சொல்லல."

"பென்ஷன்காரங்களுக்கு மட்டுமான்னா கேட்ட?"

"ஆமா."

அப்போதுதான் அவனுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் இடுப்பில் பிடித்தது, பிடித்தால் பல்லைக் கடித்தான், கடித்துக்கொண்டே சிரித்தான். செங்கல் சாக்கோடு உருண்டு கீழே விழுந்தது.

மேஸ்திரி கிட்டே வந்தார். "காலைலதான் கை குடுத்தான், ரெண்டு வருஷம் இருக்கேன்னு."

"கையத் திருப்பி எடுத்துக்குவான்," என்றேன்.

"தாராளமா எடுத்துக்கட்டும்மா. நேத்து இவன் ஒரு தள்ளுவண்டியத் தள்ள, இவனத் தள்ள நான் ரெண்டு பேர விட வேண்டியிருந்துச்சு."

ஒத்தோரினோவைப் பிடித்து எழுப்பி நிறுத்தினோம். அவன் சட்டையைத் தட்டிக்கொண்டு, மெதுவாகச் சொன்னான்:

"ஆனா நிவேஸ், நெசமான பென்ஷன் இன்னும் வரல. பேச்சு பேச்சுதான். கை குலுக்கியிருக்கோம்."

"நீ நாலு நாளா பாதிதான் வந்திருக்குன்னு நம்பிக்கிட்டு இருந்த. செத்தா போயிட்ட?"

"தினமும் மூணு மணி வாக்குல செத்துட்டேன்னுதான் நெனச்சேன்."

"அதான் சொல்றேன். நெசமாவே பாதி வந்தாலும் நீ இனிமே தூக்க வேணாம். அந்த ரெண்டு வருஷம் நான் தைக்கிறேன். எப்படியும் தைக்கத்தான் போறேன். ஆனா அதுக்கு முன்னாடி ஒரு வாரம் நான் சும்மா உக்காரணும். நீயும் பக்கத்துல சும்மா உக்காரணும். குடு கைய."

அவன் யோசித்தான். சூளைக்காரர்கள் வேடிக்கை பார்த்தார்கள். கையைக் கொடுத்தான்.

தபால் ஆபீஸ் பன்னிரண்டுக்கு மூடுவார்கள். உடன் உறுதி செய்க என்று வந்து நாலு நாள் ஆகிவிட்டது, அறையை வேறு யாருக்காவது கொடுத்திருப்பார்களோ என்று எனக்கு அடித்துக்கொண்டது. அவனால் சைக்கிளில் உட்கார முடியாது. ஒரு பக்கம் அவன், ஒரு பக்கம் நான், நடுவில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தோம். பாதி வழியில் அவன் சைக்கிளைத்தான் ஊன்றுகோலாகப் பிடித்திருந்தான்.

தந்திக்குப் பத்துச் சொல் வரைக்கும் ஒரே காசு. ஜன்னலில் நின்று பெரிய எழுத்தில் எழுதினேன். அரை பென்ஷன் சரி. இரண்டு பேர். கீழ்த்தளம். நிவேஸ். குமாஸ்தா பேனா முனையால் எண்ணினார்.

"ஏழு. இன்னும் மூணு சொல் மிச்சம் இருக்கு."

"நன்றின்னு போடலாமா?" என்றேன்.

"மூணு தடவையா?" என்றான் ஒத்தோரினோ. "மத்தியானம் என்னதான் திங்கிறதுன்னு கேளு."

"அதுக்கு மூணு சொல் பத்தாது. ரொட்டி கொண்டுபோவோம். வாழ்க்கை பூரா மத்தியானம் டப்பாச் சோறுதான, புதுசா என்ன?"

அவன் ஜன்னல் கட்டையில் முழங்கையை ஊன்றி, ஒரு காலிலிருந்து மறு காலுக்குப் பாரத்தை மாற்றினான். பிறகு சொன்னான், "கெட்டி மெத்தை வேணும்னு போடு."

போட்டேன். மெத்து மெத்தென்று தைத்தே இருபத்திரண்டு வருஷம் ஓட்டியவள், கெட்டி மெத்தை வேண்டும் என்று தந்தி கொடுத்தேன். குமாஸ்தா ஒருமுறை வாசித்துக் காட்டிவிட்டு முத்திரை குத்தினார்.

வீட்டில் சட்டைகள் தொட்டியில் அப்படியே ஊறிக் கிடந்தன. தண்ணீர் சிவப்பாகிவிட்டிருந்தது. துவைத்துப் போட்டேன்.

திங்கட்கிழமை சாயங்காலம் நான் உள்ளே நுழைந்தபோது ஒத்தோரினோ கட்டிலில் படுத்தபடி ஒரு தந்தியை மூக்குக்கு நேராகப் பிடித்திருந்தான். பென்ஷன் ஆபீசிலிருந்து இன்னும் ஒன்றும் வரவில்லை. இது சொக்கோல். அறை உண்டு, மெத்தைக்கு அடியில் பலகை போடப்படும், வருக.

அவன் அதைச் சத்தமாகப் படித்தான். மறுபடியும் படித்தான். அப்புறம் தாளை என்னிடம் நீட்டினான்.

"பலகைன்னா பலகைதான? ஹோட்டல்ல அதுக்கு வேற அர்த்தம் ஒண்ணும் இல்லையே?"